செம்பனைக் காட்டில் எந்த லாக்கர் தாங்கும்?

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துக் கிராணிக்குச் செம்பனைக் குலை எண்ணும் செயலி எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது வாரமே போன். "தம்பி, காலையில போட்ட கணக்கக் காணோமே!" நான் போய்ச் சேர மாலையாகிவிட்டது. கேபிளைச் செருகி, ஆண்ட்ராய்டின் பொதுப் பதிவேடான லாக்கேட்டைத் திறந்தால், காலையில் நடந்ததில் ஒரு வரி கூட இல்லை. இடம் நிறைந்தால் பழசை அழித்துப் புதுசை எழுதுவதுதான் லாக்கேட்டின் பழக்கம். அதனால் நான் கேட்பது ஒன்றுதான்: செயலிக்குள் நடப்பதை வரி வரியாகக் குறித்துவைக்கும் லாக்கர்களில், கைப்பேசிக்குள் கோப்பாக எழுதி வைப்பது எது?

ஆலை எடைமேடை சர்வரில் லாக்4ஜே 2 என்ற ஜாவா லாக்கர் ஓடுகிறது. அதையே கைப்பேசிக்கும் கொண்டுபோக ஆசைப்பட்டேன். அது சர்வருக்கென்று வளர்ந்த பிள்ளை. அது கைவைக்கும் ஜேஎம்எக்ஸ், ஜேஎன்டிஐ என்ற ஜாவா வசதிகள் இரண்டும் ஆண்ட்ராய்டில் கிடையாது. மல்லுக்கட்டி ஓட்டலாம், எனக்குப் பொறுமையில்லை. பழைய லாக்4ஜே 1 பேச்சே வேண்டாம், 2015 ஆகஸ்டிலேயே அதற்கு ஆதரவு முடிந்துவிட்டது.

ஆண்ட்ராய்டு லாக்கரான டிம்பர் அழகானது. அதில் லாக்கை எழுதும் பகுதிக்குப் பெயரே மரம்; "மரம் நட்டால்" தான் லாக் வரும். தோட்டத்துக்காரனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா? எந்த கிளாஸிலிருந்து வந்த வரியோ, அதன் பெயரைத் தானே டேகாக (அடையாளமாக) போட்டுக்கொள்ளும். ஆனால் கூடவே வரும் மரம் லாக்கேட்டுக்குத்தான் எழுதும். கோப்பு வேண்டுமென்றால் மரத்தை நாமே செய்ய வேண்டும். அதோடு இது ஆண்ட்ராய்டுக்கு மட்டும், சர்வரோடு பகிரும் கோடுக்கு ஆகாது.

ஜாவாவோடு வரும் லாக்கரான ஜேயூஎல்லை (java.util.logging) பலர் மதிப்பதில்லை. ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது, தனியாக எதையும் சேர்க்க வேண்டாம். அதில் கோப்புக்கு எழுதும் ஃபைல்ஹேண்ட்லர் அளவு வைத்துக் கோப்பை மாற்றி மாற்றி எழுதும். தொல்லை இரண்டு: சொல்லாவிட்டால் எக்ஸ்எம்எல்லாக எழுதித் தள்ளும், லெவலை லாக்கரில் இறக்காவிட்டால் ஃபைன் என்ற நுணுக்க வரிகள் கோப்புக்கே வராது. சின்னச் செயலிக்கு இதுவே போதும்.

நான் எடுத்தது எஸ்எல்எஃப்4ஜே, அது லாக்கர்களுக்கு மேலே நிற்கும் பொது முகப்பு; அதற்குக் கீழே உண்மையில் எழுதுவது லாக்பேக்-ஆண்ட்ராய்டு. கைப்பேசியும் சர்வரும் பகிரும் கோடு எஸ்எல்எஃப்4ஜேயோடு மட்டும் பேசும்; சர்வரில் அதன் கீழே லாக்4ஜே 2 இருந்துவிட்டுப் போகட்டும். முதல் தடவை கைப்பேசியில் கீழே எதையும் வைக்க மறந்துவிட்டேன். செயலி விழவில்லை, லாக் மட்டும் ஊமையாகிவிட்டது. அரை நாள் போச்சு.

இப்போது நாளுக்கொரு கோப்பு, ஏழு நாள் வரை இருக்கும். அடுத்த தடவை கணக்கு தவறியபோது, கிராணி டவுனுக்குத் தே தாரிக் குடிக்க வந்த நேரத்தில் கோப்பை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார். காலை 7.52க்கு, 'டேட்டாபேஸ் பூட்டியிருக்கிறது' என்று ஒரு வரி.