ஒரு கொம்பும் மூன்று வருடமும்

நான் வைத்திருக்கும் பட எடிட்டிங் மென்பொருளின் சந்தா விலை குறைந்திருக்கிறதாம், வாங்கலாமா என்று நண்பன் கேட்டான். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். கோபம் கொஞ்சம் மிச்சம் இருந்ததால் நீண்டுவிட்டது.

இந்த மென்பொருளை மூன்று வருடமாகப் பயன்படுத்துகிறேன். முதல் வேலையே கல்லூரி ப்ராஜெக்ட்: கற்பனையான சினிமா இதழ் ஒன்றுக்கு அட்டை. ஆய்வுக்காகப் பழைய அட்டைகளைத் தேடியபோது, 1951இல் தொடங்கிய பிரெஞ்சு இதழ் கையே து சினிமாவில் கண் நின்றது. ஆரம்ப கால அட்டைகளில் மஞ்சள் நிறம், ஒரு கறுப்பு வெள்ளைப் படம், அவ்வளவுதான். சரி, நமக்கும் ஒரு முகம், ஒரு பெரிய தலைப்பு, இரண்டு வரிகள் போதும் என்று முடிவு செய்தேன். இதழின் பெயர் 'கொட்டகை'. அங்கேதான் வினை.

தட்டச்சு செய்தால் க முன்னால் தனியாக நிற்கிறது. அதன் பின்னால் கொம்பு, ஒரு புள்ளிவட்டம், துணைக்கால். எழுத்துருவில்தான் கோளாறு என்று நினைத்து நான்கு எழுத்துருக்களை மாற்றிப் பார்த்தேன். அமைப்புகளுக்குள் எங்கோ ஒரு மூலையில், இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் தேர்வு அணைந்து கிடந்தது. போட்டேன், சரியானது. அடுத்த அப்டேட்டில் மறுபடி அணைந்தது. மூன்று வருடமாக இதே கூத்து.

நியாயமாகச் சொன்னால், முடியைப் பின்னணியிலிருந்து பிரிப்பதில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. அட்டைப் படத்துக்கு நின்ற தோழிக்குச் சுருட்டை முடி. ஓர் இழைகூட வெட்டுப்படாமல், தலை 'ட்ட'வின் மேல் லேசாக ஏறி நின்றது. பார்த்தவர்கள் நிஜ இதழ் என்றே நினைத்தார்கள்.

எழுத்து உடையாமலிருக்கக் கடைசியில் எல்லாவற்றையும் வடிவங்களாக, அதாவது தட்டச்சால் இனி திருத்த முடியாத வெறும் கோட்டுருவங்களாக, மாற்றிச் சேமித்தேன். அச்சாகி வந்த பிறகு கல்லூரி ஆசிரியர் கேட்டார்: "'இயக்குநர் பேட்டி'யில் ப் எங்கிருந்து வந்தது?" அட்டையின் ஒரு வரியில் 'இயக்குநர்ப் பேட்டி' என்று அடித்திருக்கிறேன். ஒரு ப்-ஐ எடுக்க அந்த வரி முழுவதையும் புதிதாக அடுக்க வேண்டியிருந்தது. தப்பு என்னுடையதுதான், ஆனால் அந்தக் கொம்பு ஒழுங்காக நின்றிருந்தால் வடிவமாக மாற்றியிருக்கவே மாட்டேன்.

தமிழில் தலைப்பு போடுகிற யாரும் இதை வாங்க வேண்டாம் என்று நண்பனிடம் சொல்லிவிட்டேன். என் சந்தா போன வாரம் முடிந்தது. அடுத்த வருடத்துக்கும் கட்டியாயிற்று.