"டென் ஸ்பீட் எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லி விற்கிறார்கள், கவனம்

மட்டக்களப்பிலோ அம்பாறைப் பக்கமோ கியர் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். றோட் பைக்குக்கு மவுண்டன் பைக்கின் பின் டிரெயிலியரை, அதாவது செயினைக் கியருக்குக் கியர் தள்ளும் கருவியை, பூட்டினால் மலை ஏறலாம் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும், மொடல் நம்பரைப் பார்க்காமல் காசை நீட்டாதீர்கள்.

எங்கள் ஊர் தட்டை நிலம். கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடி வரை ஓடினாலும் ஏற்றம் என்று எதுவும் கிடையாது, கச்சான் காற்று எதிர்த்து அடிக்கிற நாளில்தான் கால் களைக்கும். ஆனால் செங்கலடியில் தொடங்கி மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று பதுளைக்கு ஏறுவதென்றால் கதை வேறு. அதற்காக நகரத்துக் கடையொன்றில் 34 பல் வரை உள்ள கெசட் (பின் சில்லின் பற்சக்கர அடுக்கு) கேட்டேன், பெரிய சக்கரம் இருந்தால் ஏற்றம் இலேசாகும். என் சைக்கிளில் இருப்பது ஷிமானோ டியாக்ரா 4600 ஷிஃப்டர் (ஹாண்டிலில் கியர் மாற்றும் லீவர்), டென் ஸ்பீட், அதாவது பின்னால் பத்துக் கியர். கடைக்காரர் கெசட்டோடு டியோரே எம்610 டிரெயிலியரையும் எடுத்து வைத்தார். "இது பொருந்துமா அண்ணன்?" என்று கேட்டேன். "அதுவும் டென் ஸ்பீட், இதுவும் டென் ஸ்பீட். கண்ணை மூடிக்கொண்டு போடலாம் தம்பி" என்றார்.

செயின் சின்னச் சக்கரத்தில் நிற்கும்வரை ஒரு குறையும் தெரியவில்லை. ஒரு கிளிக் கொடுத்தால் கரகரவென்று தேய்த்தது. இன்னும் இரண்டு மூன்று கிளிக் போனதும் இரண்டு சக்கரத்துக்கு நடுவில் ஏறவும் மாட்டாமல் இறங்கவும் மாட்டாமல் நின்றது. பெடலை அழுத்தினால் டக்கென்று வழுக்கிக் காலை உதறியது. கேபிள் திருகைத் திருகி ஒரு பக்கத்தைச் சரியாக்கினால் மறுபக்கம் குழம்பியது. எந்தப் பெரிய சக்கரத்துக்காகக் காசு கொடுத்தேனோ, அதில் செயின் ஏறவே இல்லை.

திரும்பக் கொண்டுபோனபோது கேபிள் பழசு என்றார். மாற்றினோம். மறுகா, டிரெயிலியர் தொங்கும் கொளுக்கி வளைந்திருக்கிறது என்றார், அதற்கும் கூலி. பிறகு செயின். எல்லாவற்றுக்கும் தனித்தனி பில். கடைசியில், பூட்டிய சாமானைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்று முடித்துவிட்டார். அந்த டிரெயிலியரில் ஒரு பழுதும் இல்லை, என் ஷிஃப்டரோடு அது வேலை செய்யாது, அவ்வளவுதான். எந்தக் கேபிளும் அதைத் திருத்தியிருக்காது. அது தெரியாமலே காசு மேல் காசு வாங்கியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். டியாக்ரா 4600 ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்கு ஏறக்குறைய 2.3 மில்லிமீற்றர் கேபிள் இழுக்கும். பழைய றோட் டிரெயிலியர் அதை 1.7 மடங்காக்கி, செயினைச் சுமார் 3.9 மில்லிமீற்றர் நகர்த்தும். கெசட்டில் சக்கரத்துக்குச் சக்கரம் உள்ள இடைவெளியும் கிட்டத்தட்ட அதுதான். 2010இல் ஷிமானோ மவுண்டன் டென் ஸ்பீடுக்கு டைனா-சிஸ் முறையைக் கொண்டுவந்து அந்த மடங்கைச் சுமார் 1.2 ஆகக் குறைத்தது. எம்610 அந்த வகைதான். அதனால் என் ஷிஃப்டரோடு செயின் நகர்வது ஒவ்வொரு கிளிக்கிலும் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் குறைகிறது. ஒன்பது கிளிக்கில் அது ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு வந்துவிடும்.

பொருந்துகிற கலவையும் உண்டு. ஒன்பது ஸ்பீட் டியோரே எம்591 டிரெயிலியர் பழைய மடங்கிலேயே வேலை செய்யும், 34 பல்லையும் தாங்கும். கல்முனையில் பாவித்த ஒன்று கிடைத்தது. அதே ஷிஃப்டர், அதே கெசட், இப்போது பத்துக் கியரும் சுத்தமாக விழுகிறது. ஆனால் டியாக்ரா 4700 வைத்திருப்பவர்கள் இதைச் செய்யவேண்டாம். அதுவும் டென் ஸ்பீட்தான், இழுவை வேறு.

வாங்குமுன் இரண்டு மொடல் நம்பரையும் பில்லில் எழுதி, இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் என்று கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். காசு கொடுக்குமுன் சைக்கிளைத் தூக்கி வைத்து எல்லாக் கியரையும் மேலும் கீழும் மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஏமாந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம். பில் இல்லாமல் அங்கே பேசுவது கஷ்டம்.

இன்னொன்று. அதே கடையில், வளைந்த ஹாண்டிலின் றோட் பிரேக் லீவரோடு வி-பிரேக்கையும் (இரண்டு நீளக் கைகளால் றிம்மைப் பிடிக்கும் மவுண்டன் பைக் பிரேக்) நேரடியாகப் பூட்டலாம் என்றார்கள். சாதாரண றோட் லீவர் வி-பிரேக்குக்கு வேண்டிய அளவு கேபிள் இழுக்காது. கட்டைகளை றிம்மோடு ஒட்ட வைத்தால் ஒழிய, லீவர் ஹாண்டிலைத் தொட்ட பிறகும் பிடிப்பு வராது. அப்படி யாராவது ஏற்கெனவே பூட்டியிருந்தால், தயவுசெய்து அந்தச் சைக்கிளில் பசறை இறக்கத்தில் இறங்காதீர்கள்.