வெள்ளவத்தை வீட்டுக்கல்வி நிலையம்: பிள்ளையைச் சேர்க்க முதல் வாசியுங்கள்

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில் இருக்கிற நிலையம். பெயரை இங்கே போடவில்லை. அங்கே படிப்பிக்கிற ஒரு டீச்சருக்கு நான் சாகும்வரை கடமைப்பட்டிருக்கிறேன், அவவைச் சங்கடப்படுத்த எனக்கு விருப்பமில்லை. இந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு எதுவென்று விளங்கும்.

மகன் 2023, 2024 இரண்டு வருடமும், தரம் நான்கும் ஐந்தும், அங்கேதான் படித்தான். கிழமையில் மூன்று நாள் காலை எட்டரையிலிருந்து பன்னிரண்டரை வரை நிலையம். மற்ற இரண்டு நாளும் அவர்கள் தருகிற அட்டவணைப்படி வீட்டில் நான் படிப்பிக்க வேண்டும். மாதம் 22,000 ரூபா, செயல்நூல்களுக்குக் காசு வேறு. முழுக்க இங்கிலீஷ் மீடியம்.

மகனுக்குத் திக்குவாய். அரசாங்கப் பாடசாலையில் அவனுடைய வகுப்பில் 43 பிள்ளைகள். வாசிப்பு நேரத்தில் எழும்பி நின்று ‘ப’விலோ ‘க’விலோ நின்றுவிடுவான். டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு “சரி அப்பன், இருங்கோ, அடுத்த ஆள்” என்பா. அவவில் பிழை இல்லை. நாற்பது நிமிடப் பாடத்தில் 43 பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். ஆனால் மூன்றாம் தரம் முடியும்போது மகன் வகுப்பில் வாயே திறப்பதில்லை. காலையில் சப்பாத்துப் போடும்போதே வயிற்றுக்குத்து என்று படுத்துவிடுவான். அதுக்குப் பிறகுதான் விடுகைப் பத்திரம் எடுத்தோம்.

நிலையத்தில் அவனுடைய குழுவில் ஆறே ஆறு பிள்ளைகள். நான் சொன்ன அந்த டீச்சர் முதல் நாளே அவனைத் தனியாக வாசிக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்து, அதே வரியை அவனோடு சேர்ந்து வாசித்தா. இரண்டு குரலும் ஒன்றாகப் போனால் திக்குகிற பிள்ளைக்குச் சொல் தடைப்படுவது குறையும் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். ஒரு பக்கம் முழுக்கத் தடைப்படாமல் வாசித்து முடித்துவிட்டு அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கிழமைகள் போகப் போக டீச்சர் தன் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்தா. கடைசியில் உதடு மட்டும் அசையும், சத்தம் அவனுடையது. வீட்டில் அம்மம்மா அதையே தேவாரத்தில் செய்தா. இரவில் விளக்குக்கு முன்னால் இருவரும் சேர்ந்து படிப்பார்கள், பாதியில் அம்மம்மா நிறுத்திவிடுவா, அவன் பாடிக்கொண்டே போவான்.

இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு முழுக்கப் பெறும்.

நேரம் கிடைத்ததும் பெரிய விஷயம். வார நாளில் காலையில் தேசிய நூதனசாலைக்குப் போனால் கூட்டமே இருக்காது. காலியில் 1911இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு அங்கே நிற்கிறது. சீனத் தளபதி செங் ஹ காலத்தது, 1409ஆம் ஆண்டு பொறித்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதியிருக்கிறது. மகன் தமிழ்ப் பகுதிக்கு முன்னால் குந்தியிருந்து, தெரிந்த எழுத்தை ஒவ்வொன்றாகத் தேடித் தேடிக் கொப்பியில் எழுதினான். முக்கால் மணித்தியாலம். யாரும் வரிசையில் வா என்று கூப்பிடவில்லை. பாடசாலைச் சுற்றுலாவில் அந்தக் கல்லுக்கு முன்னால் ஒரு நிமிடம்கூட நிற்க விடமாட்டார்கள். கணக்கும் அப்படித்தான். மின்சாரப் பில்லில் அலகு கூடக் கூட விலை எப்படி ஏறுகிறது என்று பார்த்து அடுத்த மாதப் பில்லை அவனே கணக்குப் பார்த்தான்.

இனிக் குறைகள். சேர்க்கும்போது இதில் ஒன்றையும் அவர்கள் வாயால் சொல்லவில்லை என்பதுதான் என் கோபம்.

இலங்கையில் கட்டாயக் கல்வி 5 வயதிலிருந்து 16 வயதுவரை. முன்பு 14ஆக இருந்ததை 2016இல் 16 ஆக்கினார்கள். பிள்ளையைப் பாடசாலையிலிருந்து எடுக்கும் பெற்றோருக்கு இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். வலயக் கல்வி அலுவலகத்தில் போய்க் கதையுங்கள் என்று ஒரு சொல் சொல்லவில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பாடசாலை அதிபர் ஊடாகத்தான் விண்ணப்பிக்கலாம். எங்களுக்கு அது விளங்கியபோது காலம் கடந்துவிட்டது. நல்ல பாடசாலைகளில் ஆறாம் தரத்துக்குள் போகிற கதவு அந்தப் பரீட்சைதான். அது அவனுக்குச் சாத்தப்பட்டுவிட்டது.

பதினாறு வயதளவில் எழுதுகிற அரசாங்கச் சாதாரண தரப் பரீட்சையைத் தனியார் பரீட்சார்த்தியாக எழுதலாம், அது உண்மை. ஆனால் நிலையம் கொண்டுபோகிற பாதை லண்டன் சாதாரண தரப் பரீட்சைக்கு. பிரிட்டிஷ் கவுன்சில் ஊடாகத் தனியாகப் பதிந்து எழுதலாம். கட்டணம் பாடத்துக்குப் பாடம். 2022இல் ரூபா விழுந்த பிறகு அந்தக் கட்டணத்தை ஒரு சம்பளத்தில் யோசிக்கவே பயமாக இருக்கிறது. பத்தாம், பதினோராம் வயதில் சேர்க்கிற பெற்றோர் பதினாறாம் வயதுச் செலவையும் இன்றைக்கே எழுதிப் பாருங்கள்.

தமிழ் கிழமைக்கு ஒரு மணித்தியாலம். சிங்களம் அறவே இல்லை. கொழும்பில் வளர்கிற பிள்ளைக்குச் சிங்களம் இல்லாமல் எப்படி? தமிழை நாங்கள் விடவில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ்ப் பாடநூல்களை இலவசமாக இறக்கலாம், அதைப் பிரின்ற் எடுத்துப் படிப்பித்தேன். 57ஆவது ஒழுங்கைத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கும் கூட்டிக்கொண்டு போனேன். மாதம் 22,000 வாங்குகிறவர்கள் செய்யாததை அரசாங்கப் புத்தகம்தான் செய்தது.

அதை வைத்து அம்மம்மா ஒருநாள் கதைத்தா. 1945 ஒக்டோபரில் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்திராவிட்டால், ஆறு பிள்ளைகள் இருந்த தன் வீட்டில் பெண்பிள்ளையைப் படிக்க விட்டிருக்கவே மாட்டார்கள் என்றா. “என்னைப் படிப்பிச்சது அந்தப் பள்ளிக்கூடம் பிள்ளை. இவனை மட்டும் ஏன் அதுக்கு வெளியில வைச்சிருக்கிறாய்?” எனக்குப் பதில் வரவில்லை.

2025இல் தரம் ஆறுக்கு வேறொரு அரசாங்கப் பாடசாலையில் வெற்றிடம் இருந்தது, சேர்த்தோம். பழைய பாடசாலையை விடச் சின்னது. வகுப்பில் 31 பேர். முதல் கிழமையே புத்தகக் கட்டைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தான். பாடநூல் இலவசம், சீருடைத் துணியும் இலவசம். சிங்களத்தில் மட்டும் மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் பின்னால் நிற்கிறான். அதுக்கு இப்போது பின்னேரம் ரியூசன்.

வாசிப்புக்கு எழும்பினானா என்று நான் கேட்காமல் இருந்தேன். மூன்றாம் கிழமை அவனாகச் சொன்னான். எழும்பினானாம், இரண்டாம் வரியில் ‘க’வில் நின்றுவிட்டானாம். பக்கத்தில் இருக்கிற பிள்ளை அதே வரியைத் தாழ்ந்த குரலில் கூட வாசித்ததாம். “அவனுக்கு எப்படியடா தெரியும்?” என்று கேட்டேன். “நான்தான் இன்ரவெல்லில சொல்லிக் குடுத்தனான்” என்றான். நிலையத்தில் ஆறு பேர் மட்டும் இருந்த மேசையில் இப்படி ஒரு கூட்டாளி அவனுக்கு இருக்கவில்லை.

அந்த டீச்சரிடம் இன்னும் சனிக்கிழமை காலையில் ஒரு மணித்தியாலம் தனியாகப் போகிறான், 1,500 ரூபா. திக்குகிற பிள்ளை வைத்திருக்கிறவர்கள் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து எடுக்க முதல் இந்த ஒரு மணித்தியாலத்தைக் கேட்டுப் பாருங்கள். நிலையத்தில் வரவேற்பில் சொல்லமாட்டார்கள், நேரே டீச்சரிடம் கதைக்க வேண்டும்.