மரடோனாவா, ஸிடானா: பயிற்றுநர் ஆக யார் வழி?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் உதைபந்தாட்டம் நன்றாக விளையாடி ஓய்ந்த அண்ணனிடமே அணியைக் கொடுத்துவிடலாம் என்ற பேச்சு அடிக்கடி வரும். அதற்கு முன் ஆர்ஜென்டீனாவின் மரடோனா, பிரான்சின் ஸிடான் இருவரையும் பார்க்கலாம்.

வீரர்களாகக் குறையே இல்லை. மரடோனா 1986இல் தலைவராக உலகக் கிண்ணம் வென்றார். ஸிடான் 1998 இறுதிப் போட்டியில் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டார்.

மரடோனாவுக்கு 1990களில் இரண்டு கழகங்களில் பயிற்றுநராகக் கொஞ்சக் கால அனுபவம்தான். 2008இல் ஆர்ஜென்டீனா அணியே கைக்கு வந்தது. 2010 உலகக் கிண்ணக் காலிறுதியில் ஜேர்மனியிடம் 4-0 தோல்வி. மெஸ்ஸியை வைத்துக்கொண்டு! இன்னும் வயிறு எரிகிறது.

ஸிடான் அவசரப்படவில்லை. 2006இல் ஓய்வு, 2013இல் றியல் மட்ரிட் கழகப் பயிற்றுநர் அன்செலோட்டிக்கு உதவியாளர், அடுத்த வருடம் அதே கழகத்தின் இரண்டாம் அணி. உரிய பயிற்றுநர் சான்றிதழ் இல்லையென்று அவருக்கே மூன்று மாதத் தடை போட்டார்கள். பிறகு அது நீங்கியது. 2016 ஜனவரியில் முதல் அணி. அப்புறம் 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று சம்பியன்ஸ் லீக் (ஐரோப்பியக் கழகங்களுக்கான போட்டி) கிண்ணங்கள். சரி, கையில் ரொனால்டோ இருந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வன்னி அண்ணன்மாருக்கு நான் ஸிடான் வழியையே சொல்வேன்: முதலில் சின்னப் பிள்ளைகளின் அணி, கூடவே ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் டி தரப் பயிற்றுநர் சான்றிதழ். கழகத்தின் பெரிய அணி அதற்குப் பிறகு.