சாப்பாட்டு மேசை நடுவில் பூவா, செதுக்கிய பழமா, முழுக் காயா?

அப்பா அம்மாவின் 40ஆவது மணநாளுக்கு பெங்களூரு அல்சூர் வீட்டில் பத்துப் பேருக்குச் சாப்பாடு. மேசை நடுவில் என்ன வைப்பது என்பதில் வீடே மூன்று கட்சி. தங்கைக்குப் பூ மட்டும் போதும். சித்தப்பாவுக்குத் தர்பூசணிச் செதுக்கல். எனக்குக் காயும் பூவும் கலந்தது. சண்டை வேண்டாமென்று மூன்றையுமே முதல் நாள் செய்து பார்த்தோம்.

பூவுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. விடிகாலையில் சிட்டி மார்க்கெட் போனால் ரோஜா, ஜெர்பரா, சாமந்தி எல்லாம் கிடைக்கும். வரமகாலட்சுமி நோன்பு வாரத்தில் மட்டும் விலையைக் கேட்காதீர்கள். சம்பங்கி வேண்டுமானால் சுகந்தராஜா என்று கேளுங்கள். கன்னடத்தில் சம்பிகே என்றால் செண்பகம். ஆனால் இரண்டுமே சாப்பாட்டு மேசைக்கு ஆகாது, ரசத்தின் வாசனையை அமுக்கிவிடும். அரளி வேண்டவே வேண்டாம், அது விஷம். பூவைச் செருக தங்கை பச்சை ஃபோம் வாங்கியிருந்தாள். அதைத் தண்ணீரில் கையால் அழுத்தக் கூடாது, உள்ளே காற்று தங்கிவிடும். மிதக்கவிட்டால் தானாக நீர் குடித்து இறங்கும். ஜெர்பராவுக்கு ஃபோமே தேவையில்லை, ஜாடியில் இரண்டு அங்குலத் தண்ணீர் போதும். ஆழமாக ஊற்றினால் தண்டு அழுகும்.

செதுக்கலில் அழகு அதிகம், ஆயுள் குறைவு. தர்பூசணியில் பச்சை, வெள்ளை, சிவப்பு என்று மூன்று நிறமும் அடுக்கடுக்காக வரும். முள்ளங்கி ரோஜாவை ஐஸ் தண்ணீரில் போட்டால் இதழ் விரியும். ஆனால் வெட்டிய பழம் கசியும், ஈ வரும். கத்தி பழகாதவர்களுக்கு அரை நாள் வேலை. சித்தப்பாவே இரண்டு முள்ளங்கியைக் கோட்டைவிட்டார்.

மூன்றாவதுதான் என் கட்சி. பெரிய கண்ணாடி ஜாடிக்குள் சின்ன கிளாஸை வைத்து, இடையில் முழு எலுமிச்சைகளை அடுக்கி, கிளாஸில் தண்ணீரும் மஞ்சள் சாமந்தியும். எலுமிச்சையை நறுக்கித் தண்ணீரிலேயே போட்டால் கலங்கிவிடும். பக்கத்தில் மேல்பக்கம் சீவிய சின்னப் பரங்கிக்காய். உள்ளே ஒரு டம்ளர், அதில் ரோஜா. சுற்றிலும் குடமிளகாய், கத்தரிக்காய். ஆப்பிளும் பழுத்த வாழையும் மட்டும் சேர்க்காதீர்கள். அவை விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாட்டும். கார்னேஷனுக்கு அது எமன்.

எதை வைத்தாலும் உயரம் முக்கியம். முழங்கையை மேசையில் ஊன்றினால் முஷ்டி வரைதான் இருக்க வேண்டும். தங்கையின் பூங்கொத்துக்குப் பின்னால் அப்பாவையே காணோம்.

விருந்துக்கு என்னுடையதுதான் நின்றது. மறுநாள் காய்களை நன்றாகக் கழுவி (கடைப் பூவில் மருந்து அடித்திருப்பார்கள்) பரங்கிக் கூட்டும் எலுமிச்சை சாதமும் செய்தாள் அம்மா. தர்பூசணி முதல் நாளே ஜூஸாகிவிட்டது. அந்தப் பச்சை ஃபோம் மக்காத பிளாஸ்டிக் ரகம். ஈரக் குப்பையில் சேராது என்பதால் இன்னும் பால்கனியில் கிடக்கிறது.