ஆறாம் வகுப்பு: ‘ஏ’ செக்‌ஷனா, கலந்த வகுப்பா?

தங்கச்சிமடத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இருக்கிற வீடுகளில் மே மாதம் முழுக்க ஒரே பேச்சுதான். உள்ளூர் அரசு மேல்நிலைப் பள்ளியா, ராமநாதபுரத்திலிருந்து வேன் அனுப்புகிற தனியார் பள்ளியா? மகளுக்காக நானும் இரண்டு வாசலும் ஏறி இறங்கினேன்.

தனியார் பள்ளி வாசலில் நூறு சதவீதத் தேர்ச்சி பேனர். 2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் இந்த மாவட்டமே 96.36 சதவீதத்தோடு மாநிலத்தில் மூன்றாவதாக வந்தது. ஏறக்குறைய எல்லாருமே தேறுகிற ஊரில் அந்த பேனருக்கு என்ன மதிப்பு? ஆறாவதில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இங்கேயே பத்தாவது எழுதினார்கள் என்று கேட்டேன். அலுவலகத்தில் இருந்தவர் பீஸ் விவரத் தாளை நீட்டினார்.

அங்கே ஆறாவதிலிருந்தே மார்க் வரிசைப்படி ஏ, பி, சி. பிரிப்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். கென்யாவில் 121 தொடக்கப் பள்ளிகளில் நடத்திய ஆய்வு 2011இல் வெளியானது. மார்க் பார்த்துப் பிரித்த பள்ளிகளில் மேல் பிரிவும் கீழ் பிரிவும் சேர்ந்தே முன்னேறின. பிள்ளைகள் நிற்கிற இடத்திலிருந்து பாடம் தொடங்க ஆசிரியருக்கு வசதியாக இருந்தது. ஆனால் எந்தப் பிரிவுக்கு எந்த ஆசிரியர் என்பதை அங்கே குலுக்கிப் போட்டார்கள். நம் பக்கம் நல்ல கணக்கு டீச்சர் நேரே ‘ஏ’வுக்குப் போய்விடுவார். வித்தியாசம் அங்கேதான்.

அரசுப் பள்ளியில் எல்லாரும் கலந்துதான். 2025இல் வந்த ‘திறன்’ என்ற தமிழக அரசுத் திட்டத்தில் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை, தமிழ், ஆங்கிலம், கணக்கில் அடிப்படை தடுமாறும் பிள்ளைகளுக்கு மட்டும் தனிப் பயிற்சி. தேவையான பாடத்துக்கு மட்டும் பிரிக்கிறார்கள், நாள் முழுக்க முத்திரை குத்துவதில்லை. குறையும் உண்டு. கணக்கில் வேகமான பிள்ளை காத்துக்கொண்டே உட்கார வேண்டும். என் மகள் அப்படித்தான். சாயங்காலம் டியூஷன் வைக்க வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம், பலரும் கடைசியில் யோசிக்கிற விஷயம். மருத்துவப் படிப்பில் 2020 முதல் இருக்கும் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளி அதில் சேராது. எட்டாவதில் எழுதும் என்எம்எம்எஸ் என்ற உதவித்தொகைத் தேர்வு அரசு, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். அதில் தேர்வானால் நான்கு வருடம், வருடத்துக்கு 12,000 ரூபாய்.

இதையெல்லாம் பார்த்து உள்ளூரிலேயே சேர்த்துவிட்டேன். வேனில் போய்வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்பதும் ஒரு காரணம், மறைப்பானேன்.

தங்கச்சி மட்டும் தன் பையனை அந்த வேனில் ஏற்றினாள். இங்கிலீஷ் வரணும் என்பது அவள் கணக்கு. போன வாரம் கூப்பிட்டு, “சி-ல போட்டுட்டாங்க” என்றாள். கணக்கு யார் எடுக்கிறார்கள் என்று கேட்டேன். இன்னும் ஆள் போடவில்லையாம்.