தாத்தாவின் அப்பாவைத் தேடிப் போன தளம்

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில், இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டன், இந்தியா முதலான காமன்வெல்த் நாடுகளின் படைகளில் இறந்த சுமார் 17 லட்சம் பேரைப் பெயர் வைத்துத் தேடலாம். கட்டணம் கிடையாது. (இதற்கு முன் வேறொரு தளம் என்னிடம் பணம் வாங்கிக்கொண்டு யாரோ ஒருவரைக் காட்டியது. அது தனிக் கதை.)

நான் தேடியது தாத்தாவின் அப்பாவை. வேலூர்ப் பக்கத்து ஊர், மெட்ராஸ் சாப்பர்ஸ் (பட்டாளத்தின் பொறியாளர் பிரிவு), பர்மா, 1944. வீட்டில் தெரிந்தது இவ்வளவுதான். சாவுச் செய்தி வந்தபோது தாத்தா வயிற்றில்.

முதல் நாள் ஒன்றும் அகப்படவில்லை, தப்பு என்னுடையது. நம் ஆட்களுக்கு அப்போது பட்டாளத்தில் ஒற்றைப் பெயர்தான். அதைக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போட வேண்டும். போதாததற்குப் பெயர் 'சாமி' என்று முடியும். அதை ஆங்கிலத்தில் எழுத ஒவ்வொரு பட்டாளத்துக் குமாஸ்தாவுக்கும் ஒரு வழி இருந்திருக்கிறது. எல்லா வழியும் போட்டுப் பார்த்து, இந்தியப் படை, இரண்டாம் உலகப் போர் என்று சுருக்கியதும் ஆள் கிடைத்தார்.

படை எண், பிரிவு, இறந்த தேதி, வயது 23. கல்லறை இல்லாததால் ரங்கூன் நினைவுச்சின்னம், 'ஃபேஸ்' என்று ஓர் எண். "மொகம் இருக்காடா?" என்று தாத்தா கண்ணாடியைத் தேடினார். அது தூணின் பக்கம் தாத்தா என்று சொல்ல வேண்டியதாயிற்று. யாங்கூனுக்கு வெளியே தாவ்க்யானில், கல்லறை எங்கென்று தெரியாத கிட்டத்தட்ட 27,000 பேரின் பெயர்களை அந்தத் தூண்களில் செதுக்கியிருக்கிறார்கள். படம் இல்லை. எப்படி இறந்தார் என்பதும் இல்லை. அதை எதிர்பார்த்து உள்ளே போகாதீர்கள்.

ஆனால் கீழே ஒரு வரி இருந்தது: இன்னாரின் மகன், வட ஆற்காடு, இன்னாரின் கணவர். எல்லாப் பதிவிலும் இது இருக்காது, எங்களுக்கு வாய்த்தது. கொள்ளுப்பாட்டியை ஊரே 'பட்டாளத்தம்மா' என்றுதான் கூப்பிட்டது. அவர் பெயரை எழுத்தில் நான் பார்த்தது அன்றுதான், அதுவும் ஓரெழுத்து மாறி.

சான்றிதழ் மாதிரி ஒரு பிடிஎஃப் இறக்கிக்கொள்ளலாம். ஜெராக்ஸ் கடையில் கலரில் எடுத்துக் கொடுத்தேன். தாத்தா பேனா கேட்டார். அம்மா பெயருக்கு மேலே தமிழில் சரியாக எழுதினார். அப்புறம் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.